ஒரு நடை மிச்சம்

4 நவம்பர் 2024, திங்கள், மாலை. தாணேயிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

பாட்டிக்கு 79 வயது. மத்திய அரசு குடும்பப் பென்ஷன். உயிரோடு இருக்கிறார் என்று வருஷா வருஷம் காட்டும் லைஃப் சர்டிபிகேட் கொடுப்பதற்காக இன்று பாங்குக்கு அழைத்துப் போனேன். கவுண்டரில் இருந்த அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மெஷினில் பாட்டியின் விரல் ரேகை விழவில்லை. "நாளைக்கு வாங்க" என்று பாரத்தைத் தள்ளிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து புகார் சொல்ல போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று பதிவு செய்த குரல் இருபது நிமிஷம் கொஞ்சுகிறது. இந்த மும்பையில் வேலை பார்க்கிற மனிதர்களிடம் அன்பு என்று ஏதாவது மிச்சம் இருக்கிறதா, இல்லை அதையும் மெஷினிடம் ஒப்படைத்துவிட்டார்களா?

4 நவம்பர், இரவு 9.50

தம்பி, அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கம் 35 வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். 1987இல் கிளார்க்காகச் சேர்ந்து 2022இல் ரிட்டையர் ஆனேன். எந்த பாங்க் என்று கேட்காதீர்கள். மும்பைக்குள்ளேயே ஆறு கிளை மாறியிருக்கிறேன், அது போதும்.

நிமிர்ந்து பார்க்கவில்லை என்கிறீர்கள். நான் சேர்ந்த காலத்தில் செக்கை ஒருவரிடம் கொடுத்துப் பித்தளை டோக்கன் வாங்க வேண்டும். அவர் லெட்ஜரில் ஏற்றுவார், ஆபீசர் கையெழுத்தைச் சரிபார்ப்பார், கடைசியில் கேஷியர் டோக்கன் நம்பரைக் கத்துவார். மூன்று பேர் வேலை. இப்போது ஒரே ஜன்னலில் ஒரே ஆள். பணம் கட்டுவது, எடுப்பது, பாஸ்புக், ஆதார், நாமினி எல்லாம் அவர்தான். அது போதாதென்று இந்த மாசம் எத்தனை இன்சூரன்ஸ் பிடித்தாய் என்று மேலிடத்திலிருந்து வேறு கேட்பார்கள். நீங்கள் போன நாளையும் பாருங்கள். தீபாவளி லீவெல்லாம் முடிந்து பாங்க் திறந்த முதல் நாள், மாசத்தின் முதல் வாரம், பென்ஷன்காரர்கள் எல்லாரும் வாசலில். கவுண்டரில் இருப்பவருக்குக் கணக்கு சரியாக வருவதற்குத்தான் சம்பளம், சிரிப்பதற்கு இல்லை.

இனி போவதானால் 15ஆம் தேதிக்கு மேல் போங்கள். பென்ஷன் எந்தக் கிளையில் வருகிறதோ அங்கேதான் கொடுக்க வேண்டும். வேறு எங்கும் அலையாதீர்கள்.

4 நவம்பர், இரவு 11.35

படுத்தும் தூக்கம் வரவில்லை. மேலே எழுதியதை எடுத்துப் படித்தேன். யூனியன் கூட்டத்தில் மைக் பிடித்த மாதிரி இருக்கிறது.

1991 மழைக்காலம். சயான் பக்கம் ஒரு கிளை. அப்போது பொதுமக்களுக்கு நேரம் காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு வரைதான். சனிக்கிழமை பன்னிரண்டுக்கே மூடிவிடுவோம். ஒன்று ஐம்பதுக்கு ஒரு மீன்காரி உள்ளே வந்தார். கோளிப் பெண், கச்சம் வைத்த சேலை, தலையோடு கால் நனைந்திருந்தார். மகனின் காலேஜ் ஃபீஸுக்கு டிராஃப்ட் எடுக்க வேண்டுமாம். பையைத் திறந்து கவுண்டரில் வைத்தார். ஐந்தும் பத்தும் இருபதுமாக எண்ணூறு சொச்சம் ரூபாய், அத்தனையும் ஈரம், அத்தனையிலும் மீன் வாடை. "ஈர நோட்டை எண்ண முடியாது, காய வைத்து நாளைக்குக் கொண்டுவாங்க" என்று மராத்தியில் சொல்லிவிட்டு ஜன்னல் கதவை இழுத்தேன்.

கோளிப் பெண்களிடம் பேரம் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திரும்பி வரும். இவர் ஒன்றுமே சொல்லவில்லை.

கேஷ் டேலி ஆகி நான் வெளியே வரும்போது மணி நாலரை இருக்கும். அவர் பாங்க் வாசல் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மழை விட்டிருந்தது. ஒவ்வொரு நோட்டாக முந்தானையில் ஒற்றி, திண்ணையில் பரப்பி, பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் கல் வைத்திருந்தார். நான் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு அந்தப் பக்கமாக இறங்கிப் போனேன். மழையே இல்லை, குடை எதற்கு?

சாக்கு இருக்கிறது. முந்தின நாள் என் கேஷில் 500 ரூபாய் குறைந்தது. குறைந்தால் கேஷியர் கைக்காசுதான். ஹெட் கேஷியர் எல்லார் எதிரிலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். போதாதற்கு விரல் நுனியெல்லாம் காயம். நோட்டுக் கட்டுகளை ஸ்டேப்ளர் கம்பி போட்டுத்தான் தைத்திருப்பார்கள், பிரிக்கும்போது கீறிவிடும். கம்பி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டதே 2001இல்தான். அந்த விரலோடு உப்பு ஊறிய நோட்டை எண்ணினால் எரியும். இதையெல்லாம் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். விரலைக் காட்டியிருந்தாலே போதும்.

5 நவம்பர், காலை 7.15

ஒரு திருத்தம். நேற்று இரவு தப்பாகச் சொல்லிவிட்டேன். லைஃப் சர்டிபிகேட்டை பென்ஷன் தருகிற பாங்கின் எந்தக் கிளையில் வேண்டுமானாலும் கொடுக்கலாம். ரிசர்வ் வங்கி இதை எப்போதோ தெளிவாகச் சொல்லிவிட்டது. பாட்டிக்கு எது பக்கமோ அங்கே போங்கள். கொடுத்ததற்கு ரசீது தருவது அவர்கள் கடமை. கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், நிறைய பேருடைய பாரம் மேஜைக்கும் பீரோவுக்கும் நடுவில் காணாமல் போனதால்தான் அந்த விதியே வந்தது.

35 வருஷம் இருந்தவள் என்று மார்தட்டிவிட்டு அடுத்த பத்தியிலேயே தப்பான வழி காட்டியிருக்கிறேன். நீங்கள் அதை நம்பி பாட்டியைக் கூட்டிக்கொண்டு பழைய கிளைக்கே போயிருந்தால்?

5 நவம்பர், மதியம்

மேலே எழுதியதைப் படித்த யாரோ காந்தி பலகையை ஞாபகப்படுத்தினார்கள். எல்லா பாங்கிலும் எல்.ஐ.சி.யிலும் பார்த்திருப்பீர்கள். வாடிக்கையாளர்தான் நம் இடத்துக்கு வருகிறவர்களில் முக்கியமானவர், அவர் நம்மை நம்பி இல்லை, நாம்தான் அவரை நம்பி இருக்கிறோம் என்று போகும். கீழே மகாத்மா கையெழுத்து. சில பலகையில் 1890இல் தென்னாப்பிரிக்காவில் பேசியது என்றுகூட அச்சடித்திருப்பார்கள். 1890இல் அவர் லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் கால் வைத்ததே 1893இல்.

எங்கள் கிளையில் அந்தப் பலகை மாட்டியிருந்த ஆணியில்தான் பியூன் தன் டிபன் பையைத் தொங்கவிடுவார். பலகையால் எனக்குத் தெரிந்து விளைந்த ஒரே நன்மை அது.

6 நவம்பர், இரவு

வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் டப்பாவாலாக்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று ஒருவர். சரி, பார்ப்போம். 1890இலிருந்து இந்த ஊரில் சோறு சுமக்கிறார்கள். மேனேஜ்மென்ட் வகுப்பில் அவர்கள் வேலையில் பிழை அரிது, சிக்ஸ் சிக்மா என்று ஏதேதோ சொல்கிறார்கள், அதை விடுங்கள். மதுங்காவில் என் தங்கை வீட்டுக்கு வரும் டப்பாவாலா பதினாறு வருஷத்தில் அவளிடம் பதினாறு வாக்கியம் பேசியிருப்பாரா தெரியாது. டப்பா ரெடியாக இல்லையென்றால் காத்திருக்க மாட்டார், போய்க்கொண்டே இருப்பார். அவர் ஒரு வீட்டில் ஐந்து நிமிஷம் நின்றால் ரயில் போய்விடும், பிறகு முப்பது பேர் பட்டினி. 2003இல் இளவரசர் சார்லஸ் வந்தபோதுகூட சர்ச்கேட்டில் அவர்கள் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தில்தான் சந்திப்பு. சிரிப்பும் இல்லை, குழைவும் இல்லை. ஆனால் தங்கை வீட்டு டப்பா ஒருநாளும் வேறு மேஜைக்குப் போனதில்லை.

இதை எழுதும்போது அம்மா ஞாபகம் வந்தது. கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். ரேஷன் கடை, மண்ணெண்ணெய், எது வாங்கிவிட்டு வந்தாலும் முதலில் சொல்வது எத்தனை நடை ஆயிற்று என்பதுதான். "ஒரே நடையில முடிஞ்சுது, நல்ல மனுஷன்" என்பாள். இல்லாவிட்டால் "மூணு நடை அலைய விட்டான் பாவி". கடைக்காரன் சிரித்தானா, நமஸ்தே சொன்னானா என்று அவள் சொல்லி நான் கேட்டதே கிடையாது.

அந்தக் கணக்கில் பார்த்தால் மீன்கார அம்மாவுக்கு நான் ஒரு நடை கூட்டினேன். தம்பியின் பாட்டிக்கு அந்த கவுண்டர்காரி ஒரு நடை. நான் தப்பாகச் சொன்னதில் இன்னொரு நடை ஆகியிருக்கும்.

8 நவம்பர், வெள்ளி, காலை

இன்று என்ன தேதி என்று பாங்கில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வருஷம். 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 நோட்டு செல்லாது என்று டிவியில் வந்தது. 9ஆம் தேதி பாங்க் மூடல். 10ஆம் தேதி வியாழக்கிழமை காலை நான் போனபோது வரிசை கிளை வாசலில் தொடங்கித் தெருமுனை திரும்பிப் பிள்ளையார் கோயில் வரைக்கும் நின்றது. அந்தச் சனி, ஞாயிறுகூடத் திறந்து வைத்தோம். முதலில் ஆளுக்கு 4,000 மாற்றலாம் என்றார்கள், 14ஆம் தேதி 4,500 ஆயிற்று, அப்புறம் விரலில் மை, 18இலிருந்து 2,000தான், 24ஆம் தேதியோடு மாற்றுவதே கிடையாது. காலையில் நாங்கள் சொல்வதை மத்தியானம் நாங்களே மறுக்க வேண்டியிருந்தது. புது 2000 நோட்டு வந்தால் ஏ.டி.எம். தட்டில் அது பொருந்தாது, மெஷினை மாற்றியமைக்க வேண்டும்.

வெளியே நிற்பவர்களை வெறுப்பேற்றியது எது என்று மூன்றாம் நாள்தான் எனக்குப் பிடிபட்டது. பணம் இல்லை என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். நாலு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு, ஜன்னலுக்கு வந்த பிறகு இல்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. காலை பத்தே முக்காலுக்கெல்லாம் எங்களுக்கு இன்று எவ்வளவு கேஷ் என்று தெரிந்துவிடும். அதை வெளியே சொல்லக் கூடாது, கலவரமாகிவிடும் என்று மேனேஜருக்குப் பயம். கன்னடக்காரர், நல்ல மனுஷர், பயந்த சுபாவம்.

செவ்வாய்க்கிழமை நான் அவரிடம் கேட்காமலே காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் மராத்தி, இந்தி, தமிழில் எழுதினேன்: இன்று ஏறக்குறைய 180 பேருக்குத்தான் பணம் இருக்கிறது. வாட்ச்மேன் வரிசையோடு நடந்து எண்ணிக்கொண்டே போய் 180ஆவது ஆளுக்குப் பின்னால் நின்றார். அங்கிருந்து பின்னால் இருந்தவர்கள் என் வம்சத்தையே திட்டினார்கள். திட்டிவிட்டுக் கலைந்து போனார்கள். மறுநாள் முன்வரிசையில் நின்ற ஒரு ஆள், தாராவியில் தோல் பட்டறை வேலை, திருநெல்வேலித் தமிழ், "நேத்து நீங்க சொன்னதால ஒரு நாள் கூலி தப்பிச்சுது அக்கா" என்றார். பாங்கில் அதுவரை எனக்கு அக்கா பட்டம் கிடைத்ததில்லை. மேடம்தான்.

9 நவம்பர்

நேற்று எழுதியதில் நான் ரொம்ப நல்லவளாகத் தெரிகிறேன். மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் 200 பேர் என்று எழுதி ஒட்டினேன். வர வேண்டிய இன்னொரு பெட்டி வரவே இல்லை. நூற்று நாற்பது சொச்சத்திலேயே காலி. அறுபது பேர் என் எழுத்தை நம்பி வெயிலில் நின்றவர்கள். முதல் நாட்களில் நின்றவர்களுக்காவது சந்தேகம் இருந்தது, இவர்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு பெரியவர் கண்ணாடியில் கையால் அறைந்தார். போலீசைக் கூப்பிடட்டுமா என்றார் மேனேஜர். வேண்டாம் என்று நானே வெளியே போய் நின்றேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. எதிர்க்கடை உடுப்பி ஓட்டல்காரர் ஒரு பாத்திரம் நிறைய மோர் கொண்டுவந்து வரிசைக்குக் கொடுத்தார், அதில்தான் தப்பித்தேன். அடுத்த நாளிலிருந்து கையில் எண்ணி வைத்த கேஷுக்கு மட்டும் எழுதினேன்.

10 நவம்பர், ஞாயிறு

கால் சென்டரில் இருக்கும் ஒருவர் கோபமாகக் கேட்டிருக்கிறார்: உங்களுக்குக் காலண்டர் தாள் இருந்தது, எங்களுக்கு என்ன இருக்கிறது? நியாயம்தான்.

அண்ணன் பெண் மலாடில் அந்த வேலையில் இருக்கிறாள். ஒரு போன் அழைப்பை இத்தனை நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு, ஏ.எச்.டி. என்பார்கள். ஒரு தாத்தாவிடம் இருபத்திரண்டு நிமிஷம் பேசியதற்காக டீம் மீட்டிங்கில் அவள் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டி, இப்படிச் செய்யக் கூடாது என்றார்களாம். தாத்தாவுக்கு ஆஸ்பத்திரி பில் எப்படி அனுப்புவது என்று புரியவில்லை, அவ்வளவுதான்.

ஆனாலும் அவள் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். போனை வைப்பதற்கு முன் ஒரே ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறாள்: அடுத்த தடவை பேசும்போது உங்களிடம் இந்த மூன்றைக் கேட்பார்கள், பக்கத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து வினாடி. அந்தப் பதினைந்தை முதலில் சொல்லும் வரவேற்பிலிருந்து திருடுகிறாளாம். வரவேற்பை வேகமாகச் சொன்னால் மார்க் குறையுமே என்றேன். "குறையும் அத்தை. திட்டுறவங்களக்கூட மறந்துடலாம். நீ நல்லா பேசுறம்மா, ஆனா மூணு மாசமா வேலை ஆகலன்னு சொல்றாங்க பாருங்க, அதுதான் ராத்திரி காதுல கேக்கும்" என்றாள்.

சம்பந்தமில்லாமல் ஒன்று. இங்கே செம்பூரில் காலையில் சைக்கிளில் ஹார்னை அமுக்கிக்கொண்டு இட்லி அண்ணா வருவார். எங்கள் பில்டிங்கில் மராத்தி, குஜராத்தி, சிந்தி எல்லாரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஊருக்குப் போகிற வாரத்துக்கு முந்தின வாரமே ஒவ்வொரு மாடியாக ஏறி, பத்து நாள் வர மாட்டேன், மாவு அரைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போவார். வியாபாரி எவனாவது, என்னை எதிர்பார்க்காதே என்று சொல்ல மாடியேறுவானா?

சம்பந்தம் இருக்கத்தான் இருக்கிறது போல.

11 நவம்பர்

லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளுக்கு நகர்ந்து இடம் கொடுக்கிறோமே, அதுதான் மும்பையின் அன்பு என்று ஒருவர் உருகியிருக்கிறார். கல்யாண் வண்டியில் நாலாவது சீட்டில் பாதி உடம்பை மட்டும் வைத்து முப்பது வருஷம் போனவள் சொல்கிறேன், அது அன்பு இல்லை, சட்டம். நகராமல் உட்கார்ந்து பாருங்கள், தெரியும்.

13 நவம்பர், புதன்

நேற்று மேல்வீட்டு மாமாவை லைஃப் சர்டிபிகேட்டுக்கு அழைத்துப் போனேன். மதுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து 1997இல் ரிட்டையர் ஆனவர். 80 தாண்டியவர்களிடம் பாங்க் அதை அக்டோபர் 1 முதலே வாங்க வேண்டும் என்று விதி. போன மாசமே போகலாம் என்றேன், கேட்கவில்லை. நவம்பரில் கொடுப்பதுதான் முறை என்பார்.

கவுண்டரில் ஒரு பையன், முப்பதுக்குள் இருக்கும், பீகார் பக்கம் என்று பேச்சில் தெரிந்தது. வாங்க என்று சொல்லவில்லை. மாமா நமஸ்காரம் சொன்னதற்கும் பதிலில்லை. விரல் வைத்தார், விழவில்லை. ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருஷம் இரும்போடு தேய்ந்த விரல், ரேகை எங்கே இருக்கும்? தம்பி, உங்கள் பாட்டி கதை இங்கேயும் நடக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் எழுந்து கண்ணாடிக்கு வெளியே வந்தான். தன் போனையே எடுத்து, மாமா முகத்துக்கு நேரே பிடித்து, "பாபா, கண்ணைச் சிமிட்டுங்க" என்றான். 2021இலிருந்து முகத்தை வைத்தே ஜீவன் பிரமாண், அதாவது டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட், போடலாம், ஆப் இருக்கிறது. எனக்கே அது நினைவுக்கு வரவில்லை. ஒரு நிமிஷத்தில் முடிந்தது. சர்டிபிகேட் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தான்.

கிளம்பினோம். பின்னாலிருந்து கூப்பிட்டான். திரையில் பிறந்த தேதியைப் பார்த்திருக்கிறான். செப்டம்பரில் மாமாவுக்கு 85 முடிந்துவிட்டது. மத்திய அரசு, ரயில்வே பென்ஷனில் 80 வயதில் 20 சதவீதம் கூடும், 85இல் அது 30 ஆகும், 90இல் 40. மாமாவுக்கு இன்னும் 20தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. வருஷம் முழுக்க அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் நானும் கவனிக்கவில்லை.

மாமாவின் நிஜத் தொகையை இங்கே எழுத மாட்டேன். அடிப்படைப் பென்ஷன் 24,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து சதவீத வித்தியாசம் 2,400. அதன் மேல் 2024இன் பிற்பாதியில் இருந்த 53 சதவீத அகவிலைப்படி 1,272. ஆக மாசம் 3,672 ரூபாய் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கிறது.

"இது இங்கே பண்றது இல்லை, பென்ஷன் சென்டர்ல பண்ணணும். நான் இப்பவே மெயில் போடறேன். நீங்க வர வேண்டாம். இந்த மாசக் கடைசியில வரலைன்னா மட்டும் இந்த லேண்ட்லைனுக்கு போன் பண்ணுங்க" என்று இந்தியில் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பி "நெக்ஸ்ட்" என்றான்.

ஆட்டோவில் மாமா சொன்னது: "பையன் கெட்டிக்காரன்தான். ஆனா ஒரு சிரிப்பு கிடையாது பாத்தியா?"

14 நவம்பர்

"அவன் தன் கடமையைச் செய்தான், இதில் அன்பு எங்கே வந்தது?" என்று ஒரு கேள்வி. லைஃப் சர்டிபிகேட் வாங்கியதோடு அவன் கடமை முடிந்துவிட்டது. பிறந்த தேதியைப் பார் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. பார்த்ததால் அவனுக்கு ஒரு மெயில் வேலை கூடியதுதான் மிச்சம்.

ஆனால் மாமா சொன்னதையும் முழுசாகத் தள்ள முடியவில்லை. ராத்திரி யோசித்தேன். என்னோடு வேலை பார்த்த ஒருத்தி எல்லாரிடமும் சிரிப்பாள், வீட்டுக் கதை விசாரிப்பாள். ஒரு வேலையும் நேரத்துக்கு முடிக்க மாட்டாள். அவளை நாங்கள் கேலி பண்ணுவோம். இருந்தாலும் படிக்கத் தெரியாதவர்கள் எல்லாரும் அவள் ஜன்னலில்தான் நிற்பார்கள். என் ஜன்னலில் வரிசை வேகமாக நகரும், ஆனால் வர மாட்டார்கள். பயம். மாமா நாலெழுத்துப் படித்தவர், பக்கத்தில் நானும் இருந்தேன். படிக்காத ஒரு கிழவி தனியாக வந்திருந்தால், அந்தப் பையன் பின்னாலிருந்து கூப்பிட்டதும் ஏதோ தப்பாகிவிட்டது என்று வேகமாகப் போயிருப்பாள். கேட்கிற தெம்பு வருவதற்காவது முகம் கொஞ்சம் வேண்டும்தான்.

அம்மாவின் கணக்கில் இதற்கு இடம் இருந்ததா தெரியவில்லை. அவள் யாருக்கும் பயப்பட மாட்டாள்.

20 நவம்பர், புதன்

ஓட்டுப் போட்டுவிட்டு வந்தேன். பூத்தில் சக்கர நாற்காலி வைத்திருந்தார்கள். மாமா அதில் உட்கார மாட்டேன் என்று நடந்தே போய் நடந்தே வந்தார்.

தாணே தம்பி, மறுநாளே பாரத்தைக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ரசீது? 5ஆம் தேதியே சொன்னேனே. இல்லையென்றால் நாளைக்கே போய் வாங்குங்கள், பாட்டி வர வேண்டாம், நீங்கள் மட்டும். தர மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ பாங்குகள் மேல் வரும் புகாரைத் தீர்க்கும் ரிசர்வ் வங்கி ஓம்பட்ஸ்மேனுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. சந்தேகம் கேட்க 14448. முதலில் பாங்கில் கேட்காமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அது வேறு ஒரு நடை.

அடுத்த வருஷம் பாட்டிக்கு 80 ஆகும். குடும்பப் பென்ஷனிலும் அந்த 20 சதவீதம் உண்டு. தானாக வரும் என்று இருக்காதீர்கள், காலண்டரில் குறித்து வையுங்கள்.

22 நவம்பர்

ரசீது கிடைத்துவிட்டது என்கிறார். அதே அம்மாள்தானாம். கேட்டதும் பேசாமல் முத்திரை குத்திக் கொடுத்தாராம். வலது கை மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாராம், முதல் நாள் அதைக் கவனிக்கவே இல்லை என்று தம்பி எழுதியிருக்கிறார்.

30 நவம்பர், சனி

மாமா மாடியிலிருந்து பாஸ்புக்கோடு இறங்கி வந்தார். வந்துவிட்டது. செப்டம்பர், அக்டோபர் பாக்கியும் சேர்த்து. நான் வெள்ளைத் தாளில் போட்டு வைத்திருந்த கணக்குக்கும் அதற்கும் நாலு ரூபாய் வித்தியாசம். யார் சரி என்று மாமாவும் நானும் ஒரு மணி நேரம் சண்டை. நான்தான் தப்பு.

2 டிசம்பர், திங்கள், மதியம்

அந்தப் பையனைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று மாமா காலையிலேயே சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார். போனில் சொல்லலாமே, நம்பர்தான் கொடுத்திருக்கிறானே, நீங்கள் வர வேண்டாம் என்றுதானே சொன்னான் என்றேன். "அவன் வர வேண்டாம்னு சொன்னது வேலைக்கு" என்றார். கையில் மைசூர்பாகு டப்பா, மதுங்காவில் ஆள் விட்டு வாங்கியிருக்கிறார்.

பாங்குக்கு வந்தோம். அவன் சீட்டில் இல்லை, சாப்பிடப் போயிருக்கிறான், அரை மணி ஆகும் என்றார் வாட்ச்மேன். டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்றேன். மாமா பதில் சொல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இதை அங்கிருந்துதான் எழுதுகிறேன். எதிரே அந்தக் காந்தி பலகை. இங்கே ஆணியில் பை எதுவும் தொங்கவில்லை.